பச்சைக்குள் ஒரு மஞ்சள் கயிறு

ஜூலை 12, ஞாயிறு

சாத்தூரில் பெண் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். இந்த டைரியை கூட வேலை பார்க்கிற நஸ்ரின் அக்கா ஜனவரியிலேயே கொடுத்தார். எழுத ஒன்றும் இல்லாமல் பெட்டிக்குள் கிடந்தது. இன்றைக்கு எழுத இருக்கிறது. ரயில் ஆடுவதால் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது, பரவாயில்லை.

பெண் பெயர் சந்தனமாரி. வயது இருபத்தெட்டு, என்னைவிட மூன்று குறைவு. மெயின் ரோட்டுக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். அப்பா வேலாயுதம், அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். அவர் என்னைப் பார்த்த பார்வையில், டிக்கெட் இருக்கிறதா என்று நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"தம்பி மெட்ராஸ்ல என்ன செய்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் அக்கா வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "டிவி சீரியல்ல நடிக்கிறான். சாயங்காலம் ஆறரைக்கு அம்மன் சீரியல் வருதுல்ல, அதுல."

பெண்ணின் அம்மா சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார். என்னை அல்ல, அம்மனை. வேலாயுதம் கும்பிடவில்லை. "நாங்க தினமும் பாக்கமே. தம்பியைப் பாத்த ஞாபகம் இல்லையே" என்றார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "எல்லா எபிசோட்லயும் இருப்பேன் சார்." இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கடவுள் சாட்சியாகச் சொல்வேன்.

சந்தனமாரி காபி கொண்டுவந்தாள். சர்க்கரை அடியில் தங்கியிருந்தது. வழக்கம் போல டம்ளரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் குடித்தேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

கிளம்பும்போது வேலாயுதம் சொன்னார்: "ஆடி பிறக்கப் போகுது. ஆடியில எதுவும் பேச வேண்டாம். ஆவணி ஒண்ணாம் தேதி பதில் சொல்றேன். அதுக்குள்ள தம்பியை டிவியில ஒரு தடவை பாத்துக்கிடுறோம்."

பெண் சுமார்தான். நீலச் சட்டம் போட்ட கண்ணாடி. சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது, வலதில் இல்லை. மூக்குத்தி எட்டுக்கல். நான் ரொம்பக் கவனிக்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன். நான் சீரியலில் இருக்கிறேன். ஆனால் தெரியமாட்டேன்.

எங்கள் ஃப்ளோர் பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே மூன்று பக்கமும் தரையும் பச்சைத் துணி. கைலாசம், பாதாளம், பாற்கடல் எல்லாம் அந்தத் துணிதான். அதன் முன்னால் அம்மன் வேஷம் போட்ட மேடம் நிற்பார். ஷூட்டிங் முடிந்ததும் நஸ்ரின் அக்கா கம்ப்யூட்டரிடம், "இந்தப் பச்சை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஓட்டை போடு" என்று உத்தரவு கொடுப்பார். அது போடும். அந்த ஓட்டை வழியாக, பின்னால் வைத்த மேகமோ மலையோ தெரியும். இதற்குக் கீ பண்ணுவது என்று பெயர்.

ஏன் பச்சை என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "மனுஷத் தோல்ல கிட்டத்தட்ட இல்லாத கலர்டா. சிவப்பைக் கட்டினா மேடத்தோட உதடும் சேர்ந்து போயிடும்" என்றார் அக்கா. கேமராவுக்கும் மற்ற நிறத்தைவிடப் பச்சைதான் நன்றாகப் பிடிபடுமாம்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் நிழல் விழும். நிழல் விழுந்த பச்சை வேறு பச்சை. கம்ப்யூட்டர் அதை விட்டுவிடும், பாற்கடல் நடுவே கறுப்புக் கோடு ஓடும். அதனால் காலையில் என் முதல் வேலை இஸ்திரி. அடுத்து, மேடம் துணியிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒட்டி நின்றால் துணியின் பச்சை வெளிச்சம் கன்னத்தில் ஏறி, கன்னத்திலும் கொஞ்சம் ஓட்டை விழுந்துவிடும்.

மூன்றாவது வேலைதான் முக்கியம். தலை முதல் கால் வரை பச்சை உறை மாட்டிக்கொள்வேன். முகத்துக்குப் பச்சை வலை, கைக்குப் பச்சைக் கையுறை. கலசம் தானாகப் பறக்கிறதா, நான் தூக்குகிறேன். சூலம் அசுரனைத் துரத்துகிறதா, நான் ஓடுகிறேன். அம்மன் வானத்தில் மிதக்கிறாரா, மேடம் பச்சை ஸ்டூலில் குப்புறப் படுத்திருக்க நான் முந்தானையை விசிறிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் என்னையும் துணியோடு சேர்த்து ஓட்டை போட்டுவிடுவார்கள். யூனிட்டில் யாரும் என்னைச் சோலைராஜ் என்று கூப்பிடுவதில்லை. பச்சை என்றுதான்.

இன்று கலசம் பறக்கும் காட்சி. டைரக்டர் ஞானசேகர் மைக்கில் கத்தினார். "யோவ் பச்சை, கிளம்பறதுக்கு முன்னாடி கலசம் ஏன்யா மூணு சுத்து சுத்துது? உள்ள என்ன காபியா இருக்கு?"

கைப்பழக்கம். திருத்திக்கொள்ள வேண்டும். நேரமில்லாததால் அந்த ஷாட்டையே வைத்துக்கொண்டார்கள். எங்கள் சீரியலில் இன்று எடுத்தது நாளை மறுநாள் ஓடும், அவ்வளவு அவசரம்.

ஜூலை 16, வியாழன்

சீரியல் முடிந்ததும் சந்தனமாரி போன் செய்தாள். "இன்னைக்குக் கலசம் நல்லாப் பறந்துச்சுங்க" என்றாள். வேறு முக்கியமாக ஒன்றும் பேசவில்லை. ஐம்பத்திரண்டு நிமிடம்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி ஒன்று. ஏழு மணிக்கு வேலாயுதம் போன். நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு சீரியல் பார்த்திருக்கிறார்.

"ரெண்டாவது வரிசையில மூணாவது முனிவர் நீங்களா தம்பி?"

"இல்ல சார்."

"சாமரம் வீசுன ஆளு?"

"அவர் வேற சார்."

"அப்ப எங்கனதான் இருந்தீங்க?"

"சூலத்துக்குப் பக்கத்துல சார்."

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "சரி, நாளைக்குச் சூலத்துக்குப் பக்கத்துல பாக்கேன்" என்றார். கடைசி சீட்டு வரை நடந்து வந்து பார்க்கிற ஆள், விடவே மாட்டார்.

ஜூலை 20, திங்கள்

டைரக்டர் டீ குடித்து முடிக்கிற வரை காத்திருந்து கேட்டேன். "சார், ஒரே ஒரு ஷாட்ல முகம் தெரியற மாதிரி..."

"நீ முகத்தைக் காட்டப் போயிட்டா சூலத்தை யாருய்யா தூக்குவா?"

விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் என்றதும் இளகிவிட்டார். நாளை மறுநாள் அசுரர் படை தோற்று ஓடுகிறது. முன்வரிசையில் ஒரு அசுரன் திரும்பிப் பார்த்து, "தேவி, சரணம்" என்று கத்துகிறான். மூன்று செகண்ட் குளோசப். அந்த அசுரன் நான்.

சந்தனமாரியிடம் சொன்னேன். "அசுரனாவா? உங்களுக்கு அசுரன் முகம் இல்லையே" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் எனக்குக் காதில் விழவில்லை. டவர் கோளாறாக இருக்கும்.

ஜூலை 22, புதன்

நடித்துவிட்டேன். ஒரே டேக். டைரக்டர் கை தட்டினார்.

அசுரர்களுக்கெல்லாம் முகத்தில் நீலச் சாயம். கடைசி ஆளாக நான் போய் உட்கார்ந்தேன். புது மேக்கப்காரர், "நீலம் கொஞ்சம் பத்தலை, எதையாவது கலந்து சரிக்கட்டிடறேன்" என்று மளமளவென்று பூசிவிட்டார். கண்ணாடி பார்க்கக்கூட நேரமில்லை. வெள்ளிக்கிழமை ஓடும். அக்கா, அத்தான், சாத்தூர், எல்லோருக்கும் தகவல் கொடுத்தாயிற்று.

ஜூலை 24, வெள்ளி

அவர் கலந்தது மஞ்சள்.

நீலத்தில் மஞ்சளைக் கலந்தால் என்ன ஆகும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஃப்ளோரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் என்னைப் பச்சையாகப் பார்த்தே பழகியவர்கள். கம்ப்யூட்டர் என் முகத்தைத் துணி என்று நினைத்து ஓட்டை போட்டுவிட்டது. கொம்பு இருக்கிறது, கழுத்து இருக்கிறது, நடுவில் மேகம் போகிறது. நஸ்ரின் அக்கா கையைப் பிசைந்துகொண்டு டைரக்டரிடம் காட்டியிருக்கிறார். அவர், "தலையில்லாத அசுரன் இன்னும் பயங்கரமா இருக்கான், விடு" என்றாராம்.

ஏழு மணி. வேலாயுதம்.

"தலையில்லாத ஒருத்தன் சரணம்னு கத்துனான். சத்தம் உங்க சத்தம் மாதிரி இருந்துச்சு."

"ஆமா சார்."

"தலை எங்க தம்பி?"



ஜூலை 26, ஞாயிறு

துணி துவைத்தேன். சந்தனமாரி தலையில்லாத அசுரனை நினைத்து நினைத்துச் சிரித்து, ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைத் தலைகீழாக மாட்டிவிட்டாளாம். அவர் அதையும் சரியாகப் படித்தாராம்.

ஜூலை 29, புதன்

நஸ்ரின் அக்கா பிடித்துக்கொண்டார். "டேய், போய் உண்மையைச் சொல்லித் தொலையேன். திருட்டு வேலையா பாக்கற?"

"சொல்லுவேன்க்கா."

"எப்ப? பேரன் பிறந்தப்புறமா?"

சொல்லலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? தெரியாமல் இருப்பதுதான் என் தொழில், தெரிந்தால் அது தப்பு, அன்றைக்குத் திட்டு விழும் என்றா? ஆறு வருஷத்துக்கு முன்னால் நடிக்கத்தான் மெட்ராஸ் வந்தேன். இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

சாயங்காலம் சந்தனமாரி பேசினாள். ராஜபாளையத்தில் பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர் ஜாதகம் வந்திருக்கிறதாம். அப்பா எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

"நீங்க என்கிட்ட எதாவது சொல்லணுமா?" என்றாள்.

"இல்லியே."

"சரி" என்று வைத்துவிட்டாள். இன்று நான்கு நிமிடம்தான்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அவர்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. பெண்ணின் அம்மா என் அக்காவையும் என்னையும் அழைத்திருந்தார். அம்மன் சீரியல் ஆள் வந்தால் அம்மனுக்கே சந்தோஷம் என்பது அவர் கணக்கு.

கோயிலில் ஏகக் கூட்டம். பூசாரி ஒருத்தரால் கட்டி மாளவில்லை. கடைசியில் மஞ்சள் கயிற்றுக் கட்டை ஜனங்களிடமே கொடுத்து, "ஒருத்தருக்கொருத்தர் கட்டிக்கோங்கப்பா" என்றுவிட்டார். காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பார்கள். வெளியூர்க்காரருக்கு விரதம் மட்டும் போதும், பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை அவிழ்த்துவிடலாம், அதுவரை கறி மீன் கூடாது என்றார் பூசாரி.

எனக்கு யார் கட்டுவது? அக்கா நகர்ந்துகொண்டாள். அத்தான் நகர்ந்துகொண்டார். சந்தனமாரி என் வலது கையைப் பிடித்து, துண்டு மஞ்சள் கோத்த கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். எனக்குக் காதுக்குள் யாரோ உருமி அடிப்பது போல இருந்தது. கோயிலில் நிஜமாகவே உருமி அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ரொம்பத் தொளதொளன்னு இருக்கே, இறுக்கிக் கட்டக் கூடாதா?" என்றேன்.

"ரத்தம் ஓடணும்ல. கழட்டிராதீங்க."

கழற்றுவேனா? குளிக்கும்போதுகூடக் கையைத் தூக்கிக்கொண்டுதான் குளிப்பேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

காப்போடு உறை மாட்டினேன். பாதாளம் செட். நஸ்ரின் அக்கா கயிற்றைப் பார்த்துவிட்டு, "யார் கட்டினா?" என்றார். "கோயில்ல கட்டினாங்க" என்றேன். "கோயிலுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டுவிட்டு ஃப்ளோர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கயிறு வெளியே தெரிந்தால் வம்பு என்று கையுறைக்குள் நன்றாகச் சொருகிக்கொண்டேன். அம்மன் புண்ணியத்தில் ஒரு சிக்கலும் இல்லை.

ஆகஸ்ட் 5, புதன்

பெரிய நாள். சம்ஹாரக் காட்சி. சூலம் தரையிலிருந்து தானாக எழுந்து, அசுரனைத் துரத்தி, நெஞ்சில் பாய வேண்டும். சூலம் கனம். பதினோரு தடவை ஓடினேன்.

மதியம் யூனிட்டில் சிக்கன் பிரியாணி. எனக்கு விரதம். அந்த வாசனைக்குள் உட்கார முடியாமல் மெயின் ரோடு வரை நடந்துபோய்த் தயிர் சாதம் சாப்பிட்டேன். திரும்பும்போது மைக்கில் பச்சை, பச்சை என்று கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடி வந்து, கையுறையை இழுத்து மாட்டி, சூலத்தைத் தூக்கிவிட்டேன். மதியத்துக்குப் பிறகு எடுத்ததுதான் நன்றாக வந்தது என்றார் டைரக்டர். எனக்குப் பச்சை வலைக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும், நன்றாக வந்ததா இல்லையா என்று எங்கே தெரிகிறது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஆடி நாலாம் வெள்ளி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறரைக்கு எடிட்டிங் அறையில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். சூலம் எழுந்தது. அதன் தண்டைச் சுற்றி, காற்றில், ஒரு மஞ்சள் கயிறு. வளையமாக. நடுவில் துண்டு மஞ்சள் தொங்கி ஆடுகிறது. கை இல்லை, ஆள் இல்லை, கயிறு மட்டும். சூலம் பாய்கிறது, கயிறும் கூடவே பாய்கிறது.

என் கயிறு. அவசரத்தில் கையுறைக்கு மேலே ஏறியிருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

நஸ்ரின் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடத்தோட நகையெல்லாம் பச்சை வெளிச்சம் பட்டு மினுங்குச்சு. பச்சையைக் கொஞ்சம் அகலமாப் பிடிச்சா நகை போகுது. அதனால மஞ்சள் பக்கமே போகாதேன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வெச்சேன். நகைக்காக விட்ட சந்துல உன் கயிறு தப்பிச்சு வந்துடுச்சு. தங்கச் சூலம் மேல இருந்ததால நானும் ஏதோ பூண்னு நினைச்சுட்டேன்டா."

டைரக்டர் எழுந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. சேனல் ஆபீஸிலிருந்து. அங்கே எல்லாப் போனும் அடிக்கிறதாம்.

ஆகஸ்ட் 8, சனி

ஊர் ஊராக அம்மன் காப்புக் கட்டி வந்துவிட்டாளாம். கரூரிலிருந்து ஒரு அம்மா அழுதுகொண்டே பேசினாராம். ஒரு தெருவில் டிவிக்கு மாவிளக்குப் போட்டார்களாம். சேனல்காரர்கள் டைரக்டருக்கு மாலை அனுப்பியிருக்கிறார்கள். நேற்று என்னைக் கடித்துக் குதற இருந்தவர் இன்று மாலையும் கழுத்துமாக வந்து, "அது நான் யோசிச்சு வெச்ச ஷாட். வெளியில யாராவது உன் கயிறுன்னு சொன்னா, சூலத்தோட சேர்ந்து நீயும் பறந்துருவே" என்றார்.

சாயங்காலம் வேலாயுதம்.

"வீட்ல தேங்கா உடைச்சு டிவிக்குச் சூடம் காட்டிட்டா. நானும் கும்பிட்டேன். ஆனா உங்களைக் காணலை தம்பி. இருபது நாளாச் சூலத்துக்குப் பக்கத்துல பாத்துட்டேன். நீங்க அதுல இல்லைன்னு முடிவுக்கு வந்துட்டேன். ராஜபாளையத்துக்காரங்களை வரச் சொல்லலாம்னு இருக்கேன்."

"சார், அந்தக் கயிறு..."

"அது தெய்வ காரியம். அதை விடுங்க."

வைத்துவிட்டார். அழுகை வந்தது. அதற்கப்புறமும் ஒரு ஷாட் இருந்தது, பால் குடம் மிதப்பது. பச்சை வலைக்குள் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது. இதுவரை அவளைப் பற்றிச் சுமார், முக்கியமில்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அத்தனையும் பொய். எனக்கு அவள் வேண்டும்.

உறையைக் கழற்றியதும் சந்தனமாரிக்கு எழுதி அனுப்பினேன். நான் நடிகன் இல்லை. பச்சை உறை போட்டுச் சாமான் தூக்குகிறவன். உங்கள் அப்பாவிடமும் நானே சொல்கிறேன். மன்னிக்கவும்.

பதில் ஒரே வரி வந்தது: "திங்கக்கிழமை ஷூட்டிங் உண்டா?"

ஆகஸ்ட் 10, திங்கள்

வந்துவிட்டார்கள். அப்பாவும் மகளும். நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவள்தான் கூட்டிவந்தாளாம்.

நான் உறைக்குள் இருந்தேன், கையில் பெரிய தாமரை. வாசலில் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு பேர் நின்றார்கள். வலை வழியாகப் பார்த்தாலும் நடை தெரிந்தது. பஸ்ஸுக்குள் ஏறி முதல் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிற அதே நடை. முனிவர்களைப் பார்த்தார், அசுரர்களைப் பார்த்தார், டீ கொடுக்கிறவரைக்கூட விடவில்லை. கடைசியில் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, இங்க சோலைராஜ்னு ஒருத்தர் நடிக்கிறாராம். எங்கன இருப்பாரு?"

கையிலிருந்த தாமரை தன் பாட்டுக்கு மூன்று சுற்றுச் சுற்றியது.

சந்தனமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, அவர்ட்டதான் கேட்டுக்கிட்டிருக்கீங்க."

வலையைத் தலைக்கு மேலே தூக்கினேன். வியர்வை கண்ணுக்குள் ஓடியது. "நான் நடிக்கலை சார். இதான் என் வேலை. கலசம், சூலம், முந்தானை எல்லாம் நான் தூக்கறதுதான். எல்லா எபிசோட்லயும் இருக்கேன்னு சொன்னது நிஜம். ஆனா தெரியமாட்டேன்னு சேர்த்துச் சொல்லியிருக்கணும். தைரியம் இல்லை."

நஸ்ரின் அக்கா அவரைக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். ஒரு திரையில் சூலம் அசுரனைத் துரத்துகிற காட்சி, டிவியில் வந்தது. பக்கத்துத் திரையில் அதே காட்சி, கீ பண்ணுவதற்கு முன்னால். பச்சைத் துணி, பச்சைத் தரை, அதில் ஒரு பச்சை மனுஷன் சூலத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வயிறு தெறிக்க ஓடுகிறான். தடுக்குகிறான். சூலத்தை மட்டும் கீழே விடவில்லை. வேலாயுதம் மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை திரையில் விரலை வைத்து, "இது நம்ம காப்புல்ல?" என்றார்.

"ஆமா சார்."

எழுந்து என்னிடம் வந்தார். "முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல, டிக்கெட் எடுக்காம ஒளிஞ்சுக்கிடுறவனைத்தான் பிடிச்சிருக்கேன். டிக்கெட்டை எடுத்துட்டு ஒளிஞ்சுக்கிடுற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

பிறகு பக்கத்து மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "குடிங்க மாப்ள. வேர்த்துக் கொட்டுது."

தம்பி இல்லை, மாப்ள. நஸ்ரின் அக்கா சாட்சி. நான் குடித்தேனா, மூக்கில் ஊற்றிக்கொண்டேனா, தெரியவில்லை.

"கயிறு விஷயம் வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ஏழு தேங்கா உடைச்சிருக்கா, மனசு விட்டுருவா" என்று சொல்லிவிட்டு, அம்மன் மேடத்தைக் கும்பிடப் போனார். மேடம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் சந்தனமாரியிடம் கேட்டேன். "எப்போ தெரியும்?"

"முதல் வாரமே. கலசம் கிளம்பறதுக்கு முன்னாடி மூணு சுத்து சுத்துச்சு. எங்க வீட்டுக் காபி டம்ளர் மாதிரியே. அப்புறம் பச்சைத் துணியில எப்படி எடுக்காங்கன்னு தேடிப் படிச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே, எதாவது சொல்லணுமான்னு. இல்லியேன்னுட்டீங்க." கொஞ்சம் நிறுத்தி, காப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் வேணும்னே தொளதொளன்னு கட்டினேன். பச்சைதான் போகும், மஞ்சள் போகாதுல்ல. நீங்க என்னடான்னா பத்திரமா உள்ள சொருகிட்டீங்க. மூணு நாளா டிவி முன்னாடி உட்கார்ந்து மஞ்சளைத் தேடிக்கிட்டிருந்தேன். எங்கயாவது உங்களைக் கொஞ்சமாவது பாத்துரணும்னு இருந்துச்சு."

ஆறு வருஷமாக இந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்தவனை ஒருத்தி மூன்று நாள் தேடியிருக்கிறாள். இதை எழுதும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

காப்பை அவிழ்த்து ஃப்ளோருக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரக் கிளையில் கட்டினேன். டைரக்டர் பதறிக்கொண்டு வந்தார். "யோவ், அதை ஏன் அவிழ்த்தே? வெள்ளிக்கிழமை தவறாம கயிறு வரணும்னு சேனல்ல சொல்லியிருக்காங்க." விரதம் முடிந்துவிட்டது என்றேன். இன்று மதியமும் பிரியாணி. இரண்டு தடவை வாங்கினேன்.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஆவணி ஒன்று. காலையில் வேலாயுதம் மாமா போன் செய்து முறைப்படி சம்மதம் சொன்னார். அத்தைக்கு முகூர்த்தப் புடவை கிளிப்பச்சையில் எடுக்க ஆசையாம். நஸ்ரின் அக்காவிடம் சொன்னேன். "எடுக்கட்டும்டா. இங்கயும் அடுத்த வாரம் பச்சை மேனி அம்மன் வராங்க, நீலத் துணி கட்டப் போறோம். நீயும் நீலமாகணும்" என்றார். எனக்கு எந்த நிறமானாலும் சரி.

இன்று ஓடியது போன சனிக்கிழமை எடுத்தது. தாமரை குளத்திலிருந்து எழும்பி அம்மன் கைக்குப் போகும் காட்சி. எடுக்கும்போது டைரக்டர், "தாமரை ஏன்யா கிளம்பறதுக்கு முன்னாடி மூணு சுத்து சுத்துது?" என்று கேட்டார். "காத்து சார்" என்றேன். கதவு சாத்தியிருந்தது, மின்விசிறிகூட ஓடவில்லை.

ஆறு நாற்பதுக்கு அந்தக் காட்சி வந்தது. ஆறு நாற்பத்தொன்றுக்குச் சாத்தூரிலிருந்து ஒரு வரி வந்தது.

"பாத்துட்டேன்."